இன்னும்: ஒரு தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலம் கற்கும் நம் மாணவியருக்குப் பெரிய சொற்கள் அதிகம் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைத்துவிடும். பத்துத் தடவை எழுதினால் எழுத்துக்கூட்டலும் வந்துவிடும். தொல்லை தருபவை சிறிய சொற்களே. அவற்றுள் 'ஸ்டில்', 'யெட்' என்னும் இரண்டையும் முதலில் சொல்ல வேண்டும். எந்த ஆங்கில - தமிழ் அகராதியைப் பார்த்தாலும் இரண்டுக்கும் 'இன்னும்' என்ற பொருளைக் காணலாம். பொருள் ஒன்றானால் எதை எழுதினால் என்ன என்று மாணவியர் நினைக்கிறார்கள். ஆங்கில ஆசிரியையான நான் விடைத்தாள்களில் அதிகமாகச் சிவப்பு மை தீட்டுவதும் இவ்விடத்தில்தான்.

இக்கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வீட்டில் உம்மாவும் வாப்பாவும் இதனை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். மாணவியர் அவ்வாக்கியங்களைத் தம் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தல் நன்று.

நம் சொல்லின் நான்கு வேலைகள்

ஆங்கிலத்துக்குப் போகுமுன் நம் சொல்லைப் பார்ப்போம். 'இன்னும்' என்பதை நாம் ஒரு நாளில் எத்தனையோ தடவை சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது ஒரே வேலையைச் செய்வதில்லை.

'தங்கச்சி இன்னும் படிக்கிறாள்.' இங்கே ஒரு செயல் நிற்காமல் தொடர்கிறது.
'வாப்பா இன்னும் வரவில்லை.' இங்கே ஒரு செயல் நடக்கவே இல்லை. நடக்கும் என்று காத்திருக்கிறோம்.
'இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றுங்கள்.' இங்கே காலமே இல்லை, அளவுதான் உண்டு.
'இன்னும் இரண்டு நாளில் பெருநாள்.' இங்கே இனி வரப்போகும் காலத்தை எண்ணுகிறோம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த நான்கையும் யாரும் கற்பிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் வினைச்சொல் எந்த 'இன்னும்' என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலமோ இந்த நான்கு வேலைகளையும் வெவ்வேறு சொற்களிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே மொழிபெயர்க்குமுன் நம் 'இன்னும்' எது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழியை வகுப்பில் சொல்லிக் கொடுப்பேன். 'இன்னும்' என்பதை எடுத்துவிட்டு வேறு தமிழ்ச் சொற்களை அவ்விடத்தில் வைத்துப் பாருங்கள். 'இப்போதும்' பொருந்தினால் 'ஸ்டில்' எழுதுங்கள். 'இதுவரை' பொருந்தினால் 'யெட்' எழுதுங்கள். 'மேலும்' பொருந்தினால் 'மோர்' எழுதுங்கள். 'இனி' பொருந்தினால் அது வரும் நாளைக் கணக்கிடும் 'இன்' என்னும் முன்னிடைச்சொல்லோடு சேரும்.

'தங்கச்சி இப்போதும் படிக்கிறாள்' என்றால் பொருள் கெடவில்லை, எனவே 'ஸ்டில்'. 'வாப்பா இதுவரை வரவில்லை' என்றால் பொருள் கெடவில்லை, எனவே 'யெட்'. 'வாப்பா இப்போதும் வரவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். முன்பும் வராமல் விட்டவர், இந்த முறையும் வரவில்லை என்று கருத்து மாறிவிடுகிறது. காது உடனே பிழையைச் சொல்லிவிடும்.

தொடர்வதைச் சொல்லும் 'ஸ்டில்'

'ஸ்டில்' என்பதன் பழைய பொருள் 'அசையாத' என்பது. இன்றும் அசையாத நீரை ஆங்கிலேயர் 'ஸ்டில் வோட்டர்' என்பர். அசையும் படத்துக்கு மாறாக அசையாத படத்தை நாமும் 'ஸ்டில்' என்றே சொல்கிறோம். அசையாமல் நிற்பது, மாறாமல் இருப்பது, இப்போதும் அப்படியே இருப்பது என்று பொருள் படிப்படியாக வளர்ந்தது. இந்த வேரை நினைவில் வைத்தால் சொல்லின் குணம் விளங்கும். முன்பு இருந்த நிலை இப்போதும் இருக்கிறது, மாறியிருக்கலாம் ஆனால் மாறவில்லை என்பதே 'ஸ்டில்'.

வாக்கியத்தில் இதன் இருக்கை நடுவில். 'ஷி ஸ்டில் லிவ்ஸ் ஹியர்' என்பதில் முதன்மை வினைக்கு முன்னே வருகிறது. 'ஷி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்' என்பதில் 'இஸ்' என்பதற்குப் பின்னே வருகிறது. 'ஷி கான் ஸ்டில் ரிமெம்பர்' என்பதில் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே அமர்கிறது.

எதிர்பார்ப்பைச் சொல்லும் 'யெட்'

'யெட்' பெரும்பாலும் இரண்டு வகை வாக்கியங்களில் வரும். ஒன்று கேள்வி, மற்றது எதிர்மறை. அதன் இருக்கை வாக்கியத்தின் கடைசி.

நோன்பு மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரீச்சம்பழம் கையில் இருக்கிறது. எல்லோருடைய காதும் பள்ளிவாசல் பக்கம். சின்னத் தம்பி கேட்கிறான்: 'பாங்கு சொல்லியாச்சா?' இதனை ஆங்கிலத்தில் 'ஹாஸ் த அதான் பீன் கோல்ட் யெட்?' என்று கேட்கலாம். உம்மா, 'நொட் யெட்' என்கிறார். பாங்கு சொல்லப்படவில்லை என்பது பாதிச் செய்தி. சொல்லப்படத்தான் போகிறது, பொறுத்திரு என்பது மறுபாதி. அந்த மறுபாதியைச் சுமப்பது 'யெட்'.

இதனால்தான் சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் 'ஷி ஹாஸ் கம் யெட்' என்று எழுத முடியாது. வந்துவிட்டவரை எதிர்பார்ப்பது எப்படி? அங்கே 'ஓல்ரெடி' என்பதே வர வேண்டும்.

பிரித்தானிய ஆங்கிலத்தில் 'யெட்' வரும்போது வினை பெரும்பாலும் 'ஹாவ்', 'ஹாஸ்' என்பவற்றோடு வரும். அமெரிக்கர் பேச்சில் 'டிட் யூ ஈட் யெட்?' என்பதும் வழக்கில் உண்டு. திரைப்படத்தில் கேட்டுவிட்டு ஆசிரியை பிழையாகச் சொல்லித் தந்தார் என்று எண்ண வேண்டாம். நம் பாடசாலைகளில் பிரித்தானிய மரபைப் பின்பற்றுவதால் பரீட்சையில் 'ஹாவ் யூ ஈட்டன் யெட்?' என்றே எழுதுங்கள்.

எதிர்மறையில் இரண்டும் வந்தால்

இங்கேதான் கெட்டிக்கார மாணவியரும் தடுமாறுகிறார்கள். 'ஷி ஹாஸ் நொட் கம் யெட்', 'ஷி ஸ்டில் ஹாஸ் நொட் கம்' இரண்டும் இலக்கணப்படி சரி. இரண்டிலும் அவள் வரவில்லை. வேறுபாடு சொல்பவரின் மனத்தில் இருக்கிறது.

முதல் வாக்கியம் அமைதியானது. வர நேரம் இருக்கிறது, வருவாள். இரண்டாவது பொறுமை இழந்தது அல்லது கவலைப்படுவது. வந்திருக்க வேண்டிய நேரம் போய்விட்டது. வராத நிலை அசையாமல் நிற்கிறது. தமிழில் இந்த வேறுபாட்டைக் குரலாலும் ஓர் ஏகாரத்தாலும் காட்டுகிறோம். 'இன்னும் வரேல்லை' என்பது முதலாவது. 'இன்னமும் வரேல்லையே!' என்பது இரண்டாவது. நாம் ஓர் எழுத்தால் செய்வதை ஆங்கிலம் ஒரு சொல்லை மாற்றிச் செய்கிறது. அந்த எதிர்மறையில் 'ஸ்டில்' துணைவினைக்கு முன்னே வரும் என்பதையும் கவனியுங்கள்.

கூட வரும் இரண்டு தோழியர்

'ஸ்டில்', 'யெட்' இரண்டையும் தனியே படிப்பதைவிட 'ஓல்ரெடி', 'நோ லோங்கர்' என்பவற்றோடு சேர்த்துப் படித்தால் நான்கும் ஒரு சதுரமாக நிற்கும்.

தொடங்கவில்லை, எதிர்பார்க்கிறோம்: 'நொட் யெட்'.
எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே தொடங்கிவிட்டது அல்லது முடிந்துவிட்டது: 'ஓல்ரெடி'.
தொடங்கியது இப்போதும் நடக்கிறது: 'ஸ்டில்'.
நடந்தது நின்றுவிட்டது: 'நோ லோங்கர்'.

'ஓல்ரெடி'க்கு நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், இலங்கை சிவில் சேவையில் 1935இல் சேர்ந்த முதல் முஸ்லிம். 1948இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார். அவர் அதிபரானபோது சிவில் சேவையில் பதின்மூன்று ஆண்டுகள் ஏற்கெனவே பணியாற்றியிருந்தார். இங்கே 'ஏற்கெனவே' என்பதற்கு 'ஓல்ரெடி' அன்றி வேறு சொல் பொருந்தாது.

இவற்றுள் மூன்றை ஒரே பொருளில் வைத்துப் பார்க்க யாழ்தேவியை எடுத்துக்கொள்ளலாம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. அப்போது 'த ட்ரெயின் நோ லோங்கர் ரன்ஸ்' என்று எழுதியிருப்போம். போர் முடிந்து தண்டவாளம் போடப்பட்ட காலத்தில் 'த ட்ரெயின் ஹாஸ் நொட் கம் யெட்' என்று சொல்லக்கூடியதாக இருந்தது. 2014 ஒக்டோபரில் சேவை மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. நிலையத்துக்குப் பிந்தி ஓடிவந்தவரிடம் 'இட் ஹாஸ் ஓல்ரெடி கம்' என்று சொல்லலாம். இரும்புப் பாதை ஒன்றுதான். எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பது நாம் எந்த ஆண்டில், என்ன நம்பிக்கையோடு நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சுருக்கமாக மற்றப் பயன்கள்

'யெட்' வாக்கியத்தின் நடுவே இணைப்புச் சொல்லாக வந்தால் 'ஆயினும்' என்று பொருள். 'ஸ்டில்' வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வந்தால் அதுவும் ஏறக்குறைய அப்படியே. 'ஸ்டில் பெட்டர்' என்றால் 'இன்னும் நல்லது'. 'யெட் அனதர்' என்றால் 'மறுபடியும் இன்னொன்று'. பெரும்பாலும் சலிப்போடு சொல்வது.

கவனமாக இருக்க வேண்டிய ஒன்று 'ஹாவ் யெட் டு' என்பது. 'தே ஹாவ் யெட் டு ரிடர்ன்' என்ற வாக்கியத்தில் 'நொட்' இல்லை. ஆகையால் மாணவியர் 'அவர்கள் திரும்பிவிட்டார்கள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். உண்மையில் அதன் பொருள் 'அவர்கள் இன்னும் திரும்பவில்லை' என்பதே. அலுவலகக் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் இவ்வடிவம் அடிக்கடி வரும். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துச் சொல்பவர் நீங்களே என்பதால் இதனை மறக்க வேண்டாம்.

அரபு மொழியின் 'லம்', 'லம்மா'

குர்ஆன் மதரஸாவில் அரபு இலக்கணம் தொடங்கிய மாணவியருக்கு 'யெட்' புதியதன்று. அரபில் நடந்திராத செயலைச் சொல்ல 'லம்', 'லம்மா' என இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் நிகழ்கால வினையின் முன் வந்து அதன் இறுதியைச் சுகூன் ஆக்கி, இறந்தகால எதிர்மறைப் பொருளைத் தரும். 'லம்' என்றால் நடக்கவில்லை, அவ்வளவே. 'லம்மா' என்றால் பேசும் இந்தக் கணம் வரை நடக்கவில்லை. ஆனால் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். 14ஆம் நூற்றாண்டின் பெரும் இலக்கண அறிஞர் இப்னு ஹிஷாம் இவ்விரண்டுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை விளக்கியிருக்கிறார்.

ஸூரா அல்ஹுஜுராத்தின் 14ஆம் ஆயத்தை எடுத்துப் பாருங்கள். கிராமப்புற அரபிகளைப் பற்றிய அந்த ஆயத்தில் ஈமான் அவர்களுடைய உள்ளங்களில் நுழைந்திராத நிலை கூறப்படுகிறது. அதே ஆயத்தில் முதலில் 'லம்' வருகிறது. உள்ளத்தில் நுழைவதைச் சொல்லுமிடத்தில் 'லம்மா' வருகிறது. கண்டிக்கும் இடத்திலேயே எதிர்பார்ப்பும் வைக்கப்பட்டிருக்கிறது. 'லம்' என்பதற்கு 'டிட் நொட்' என்றும், 'லம்மா' என்பதற்கு 'நொட் யெட்' என்றும் எழுதிப் பாருங்கள். ஆங்கில வகுப்பில் விளங்காதது மதரஸாவில் விளங்கிவிடும்.

நம் வீட்டு வாக்கியங்கள்

இத்தனை நுணுக்கம் பரீட்சையில் ஓரிரு புள்ளிக்காகத்தானா என்று பெற்றோர் கேட்கலாம். அதற்குமேல் ஒரு காரணம் நம் சமூகத்துக்கு உண்டு.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியில் ஒன்றுகூடுமாறு பணிக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினர். 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் சில குடும்பங்கள் திரும்பின. பல திரும்பவில்லை. இன்று நம் மாணவியருள் பலருக்கு ஒரு கால் சோனகத் தெருவிலும் மறு கால் புத்தளத்திலும் இருக்கிறது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தளத்தில் வசிக்கும் தன் உம்மும்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். 'வீ டிட் நொட் ரிடர்ன்' என்று ஒரு வாக்கியம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. உம்மும்மா சொன்னது என்ன என்று கேட்டேன். 'நாங்க இன்னும் ஊருக்கு வரேல்லை' என்று சொன்னாராம். அவர் சொன்ன 'இன்னும்' ஆங்கிலத்துக்கு வரும் வழியில் விழுந்துவிட்டது. 'டிட் நொட்' என்பது முடிந்துபோன கதை, கதவைச் சாத்திவிடும். 'வீ ஹாவ் நொட் ரிடர்ன்ட் யெட்' என்று எழுதினால்தான் அந்த மூதாட்டி காத்திருப்பது தெரியும்.

இதே குடும்பத்தைப் பற்றி வேறு மூன்று வாக்கியங்களும் எழுதலாம். 'வீ ஆர் ஸ்டில் இன் புத்தளம்' என்றால், அங்கே இருப்பது முடிவுறாமல் தொடர்கிறது. 'வீ ஸ்டில் ஹாவ் நொட் ரிடர்ன்ட்' என்றால், இத்தனை காலமாகியும் திரும்ப முடியவில்லையே என்ற முறைப்பாடு அதில் இருக்கிறது. 'வீ நோ லோங்கர் லிவ் இன் யாழ்ப்பாணம்' என்றால், அந்த வாழ்வு முடிந்துவிட்டது. எல்லாம் சரியான ஆங்கிலம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு சாட்சியம்.

ஆவணங்களிலும் இப்படிச் சிறு சொற்கள் பெரிய வேலை செய்கின்றன. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்களைப் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்றும், அதன்பின் இடம்பெயர்ந்தவர்களைப் 'புதிய இடம்பெயர்ந்தோர்' என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் வந்தது. நம்மவர் 'பழைய' பட்டியலில் சேர்ந்தனர். 'பழைய' என்றதும் கேட்பவர் மனம் அது முடிந்துபோன விடயம் என்று எண்ணிவிடும். அதனருகே 'ஸ்டில்' என்ற ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். 'தே ஆர் ஸ்டில் டிஸ்பிளேஸ்ட்.' பழையது, ஆனால் முடியவில்லை என்பது உடனே விளங்கும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எல்லோருடைய வாயிலும் 'யெட்' என்பதைத் திணிக்க நமக்கு உரிமையில்லை. புத்தளத்திலேயே பிறந்து, படித்து, திருமணமாகி, அதுவே ஊர் என்று வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'நோ லோங்கர்' பொருத்தமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டும் மனம் அங்கேயே இருப்பவர்கள் 'ஸ்டில்' என்பதைப் புத்தளத்தோடு சேர்த்துச் சொல்லக்கூடும். எனவே ஒருவருடைய கதையை ஆங்கிலத்தில் எழுதுமுன் அவரையே கேளுங்கள். காத்திருக்கிறாரா, தொடர்கிறாரா, முடித்துக்கொண்டாரா? அதன்பின் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளருக்கும் அலுவலருக்கும் முன்னால் உம்மும்மாவுக்காகப் பேசப்போகிறவர்கள் நீங்கள்தாம்.

பயிற்சி

பின்வருவனவற்றில் எந்த ஆங்கிலச் சொல் வரும்?

1. உம்மும்மா இன்னும் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கிறார்.
2. பரீட்சைப் பெறுபேறு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் வரும்.
3. மூன்று கடிதம் எழுதியும் இன்னமும் பதில் வரவில்லையே!
4. இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா?
5. நான் போகுமுன்பே அவள் ஏற்கெனவே தொழுது முடித்திருந்தாள்.
6. மாமா இப்போது அந்தக் கடையை நடத்துவதில்லை, விற்றுவிட்டார்.

விடைகள்: 1. ஸ்டில். 2. யெட். 3. ஸ்டில். 4. மோர். 5. ஓல்ரெடி. 6. நோ லோங்கர்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது 'இன்னும்' என்ற சொல் வந்தால், 'இப்போதுமா? இதுவரையா?' என்று தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். பாதி விடை அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

மாணவியருக்கு ஒரு வேலை. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், 1990க்கு முன் இருந்தவற்றுள் இப்போதும் இருப்பது எது, இதுவரை திரும்பக் கிடைக்காதது எது, இப்போது இல்லாமற்போனது எது என்று கேளுங்கள். கிடைக்கும் விடைகளை 'ஸ்டில்', 'நொட் யெட்', 'நோ லோங்கர்' ஆகியவற்றைக் கொண்டு மூன்று வாக்கியங்களாக எழுதி வாருங்கள். அடுத்த தவணையில் அவற்றை வகுப்பில் வாசிப்போம்.